குழந்தை டாக்டருக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஒரு பெண் டாக்டராகி வெளியே வருவதற்குள் அந்தக் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பது சகோதரிகளுக்குத் தெரியும். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம். அதற்கு மேல் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. என்றால் இன்னும் மூன்று வருஷம். நடுவில் நுழைவுத் தேர்வு, கல்யாணம், பிரசவம் எல்லாம் உண்டு. இத்தனையும் தாண்டி வந்த பிறகு அந்தப் பெண், "நான் ஆராய்ச்சி பண்ணப் போறேன், அதுக்குப் பணம் கேட்டு மனுப் போடப் போறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "படிச்சது போதாதா? வாசல்ல ஒரு போர்டு மாட்டி உட்கார்ந்தா நாலு காசு பார்க்கலாமே!" என்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, குழந்தை டாக்டர். ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள். நானோ பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருப்பதால், அவள் மனுப் போட்ட இரண்டு வருஷக் கதை முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மகளோ, மருமகளோ, தங்கையோ டாக்டராக இருக்கலாம். இல்லாவிட்டாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு நாளில் இந்த விஷயங்கள் உங்களுக்கு உதவும்.

வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் நம் கண் முன்னால் வருகின்றன. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் வங்காளதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. அங்கே வேலை பார்த்தவர் திலீப் மகலாநபிஸ் என்ற குழந்தை டாக்டர். உப்பு, குளுகோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, தாய்மார்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கியது. கரைசல் வேலை செய்யும் என்று ஆய்வுக்கூடத்தில் முன்பே தெரியும். படிக்காத தாய் கூட அதைத் தன் கையால் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றலாம் என்று கணக்கு எழுதிக் காட்டியது அவர்தான். அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது.

இன்னொருவர் எம்.கே. பான். டில்லி எயிம்ஸ் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர். 1985, 86-ஆம் வருஷங்களில் அங்கே பிறந்த சில குழந்தைகளின் உடம்பில் ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் வயிற்றுப்போக்கு வரவில்லை. "ஏன் வரவில்லை?" என்று கேட்டார். அந்த வைரஸ் வகையிலிருந்துதான் பிற்பாடு இந்தியாவின் சொந்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து பிறந்தது. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று ஊர்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. 2014-ல் அனுமதி கிடைத்தது. 2016-ல் அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து சேர்ந்தது. இன்று 6, 10, 14-ஆம் வாரங்களில் நம் குழந்தைகளின் வாயில் விடுகிறார்களே, அதுதான். ஒரு வார்டில் ஒரு டாக்டர் கேட்ட கேள்வி நம் குழந்தைகளிடம் வந்து சேர முப்பது வருஷம் ஆயிற்று!

எங்கள் வீட்டு டாக்டரின் கேள்வி

என் ஓரகத்தியின் கேள்வி என்ன தெரியுமா? பிறந்த குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக வருகிறது என்றால், ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புகிறார்கள். கிருமி வளர்ந்து தெரிய இரண்டு நாள் வரை ஆகும். அதுவரை சும்மா இருந்தால் குழந்தை கையை விட்டே போய்விடலாம். அதனால் உடனே ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இது சரியான வைத்தியம்தான். ஆனால் ரிசல்ட் வரும்போது பல குழந்தைகளுக்குக் கிருமியே இல்லை என்று வருகிறது. அந்த ஊசியெல்லாம் வேண்டாத மருந்து. வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகளும் அதில் அழிந்துபோகின்றன. அதோடு, கெட்ட கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போய், உண்மையாகவே தேவைப்படும் குழந்தைக்கு அந்த மருந்து கேட்காமல் போகிறது. 2011 முதல் 2014 வரை டில்லியில் மூன்று ஆஸ்பத்திரிகளில் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. பச்சிளம் குழந்தைகளைத் தாக்கிய முக்கியமான கிருமிகள் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன.

"அக்கா, ரெண்டு நாள் காத்திருக்காம, சில மணி நேரத்துலேயே 'இந்தக் குழந்தைக்குக் கிருமி இல்லை, ஊசியை நிறுத்திடலாம்'னு தைரியமா சொல்ல ஒரு வழி வேணும். ரத்தத்துல இருக்கிற சில பொருள்களைப் பார்த்தே அதைச் சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி" என்றாள்.

கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த என் மாமியாரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதல் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் போய்விட்டது. பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டுப்போனது என்று மட்டும் சொல்வார். எதனால் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. "நீ சொல்றது அப்ப இருந்திருந்தா என் குழந்தையைக் காப்பாத்தியிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலை அத்தை. இப்பவும் எல்லாக் குழந்தையையும் காப்பாத்த முடியலை. யாருக்கு மருந்து வேணும், யாருக்கு வேண்டாம்னு தெளிவாத் தெரிஞ்சா, வேண்டியவங்களுக்காவது அது கேட்கும்" என்றாள். அன்றோடு எங்கள் வீட்டில் கிளினிக் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

பணம் எதற்கு?

"நீதான் மாசச் சம்பளம் வாங்கறியே, ஆராய்ச்சியை அப்படியே சேர்த்துப் பண்ணேன்!" என்று நானே ஒரு நாள் கேட்டேன். அவள் தன் ஒரு நாள் பொழுதை எண்ணிக் காட்டினாள். காலையில் வார்டு ரவுண்டு, பிறகு வெளிநோயாளிகள், மத்தியானம் மாணவர்களுக்கு வகுப்பு, வாரத்துக்கு இரண்டு ராத்திரி டூட்டி. இதில் ஆராய்ச்சிக்கு எது நேரம்? பால் பொங்கி வரும்போது வாசலில் காலிங் பெல் அடித்தால் நம் பாடு எப்படியோ, அப்படித்தான் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் பாடும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவசர வார்டிலிருந்து போன் வந்துவிடும்.

அதனால் ஆரம்ப நிலை ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்கும் பெல்லோஷிப் பணத்தில் பெரிய பங்கு அவருடைய நேரத்தை வாங்கத்தான் போகிறது. சம்பளத்தை நிதி நிறுவனம் கொடுத்துவிட்டால், வார்டில் அவர் பார்த்த வேலையில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரி வேறு டாக்டரிடம் கொடுக்கலாம். மீதிப் பணத்தில் ஒரு ஆராய்ச்சி நர்ஸ், சோதனைக்கான ரசாயனங்கள், ரத்த மாதிரிகளை உறைய வைக்கும் பெட்டி முதலியவை வரும். அமெரிக்காவில் அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற அமைப்பு, 'கே' வரிசை உதவித்தொகைகளை இளம் டாக்டர்களுக்குக் கொடுக்கிறது. அதை வாங்குகிறவர் தன் வேலை நேரத்தில் குறைந்தது முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சில அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு மட்டும் அரைப் பங்கு போதும். எவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

நம் நாட்டிலும் இதற்கு வழிகள் உண்டு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் ஆரம்பித்த 'இந்தியா அலையன்ஸ்' ஹைதராபாத்தில் இருக்கிறது. அது தொடங்கியபோது உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளராக இருந்தவர், மேலே சொன்ன அதே குழந்தை டாக்டர் எம்.கே. பான்தான். மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் சார்ந்த ஆராய்ச்சிக்கென்றே அங்கே தனிப் பிரிவு வைத்து டாக்டர்களுக்கு பெல்லோஷிப் கொடுத்துவந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்திய மந்திரிசபை இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 1,000 கோடி நம் அரசாங்கத்தின் பங்கு, 500 கோடி வெல்கம் டிரஸ்டின் பங்கு. இதைத் தவிர ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டாக்டர்களின் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது. எம்.பி.பி.எஸ். படிக்கிற மாணவர்களுக்கே இரண்டு மாத ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தை 1979-லேயே அது ஆரம்பித்தது. உங்கள் வீட்டில் மருத்துவக் கல்லூரி மாணவி இருந்தால் அதைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். முதல் படி அதுதான்.

மனுவில் என்ன இருக்கும்?

மனு என்றால் ஒரு பக்கக் கடிதம் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் ஒரு சுருக்க மனு. அதில் தேறினால் முழு மனு. அதை வெளியிலுள்ள நிபுணர்கள் படித்துக் குறிப்பு எழுதுவார்கள். அதிலும் தேறினால் நேர்முகத் தேர்வு. பல நிதி நிறுவனங்கள் இந்த முறையைத்தான் வைத்திருக்கின்றன. முழு மனுவில் இருந்தவற்றை என் பாஷையில் சொல்கிறேன்.

1. கேள்வி: ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "பச்சிளம் குழந்தைகளின் நோய்களை ஆராய்தல்" என்று எழுதினால் எடுபடாது.

2. முன்னோட்டம்: இந்த வழி வேலை செய்யும் என்பதற்கு, சின்ன அளவில் செய்து பார்த்த அடையாளம். ஊறுகாய் ஒரு ஜாடி போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பதில்லையா, அது மாதிரி.

3. முறை: எத்தனை குழந்தைகள், யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது, எப்போது ரத்தம் எடுப்பது, கணக்கு எப்படிப் போடுவது. இந்த எண்ணிக்கையைப் புள்ளியியல் தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

4. வழிகாட்டி: அனுபவமுள்ள ஒரு விஞ்ஞானி. பெயரைப் போட்டால் போதாது. வாரத்துக்கு எத்தனை மணி பேசுவார், எதைக் கற்றுக்கொடுப்பார் என்றெல்லாம் எழுத வேண்டும்.

5. ஆஸ்பத்திரியின் கடிதம்: "இந்த டாக்டருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கித் தருகிறோம், இடமும் தருகிறோம்" என்ற உறுதி.

6. செலவுக் கணக்கு: ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம். நம் மளிகை லிஸ்டைவிடக் கறாராக இருக்க வேண்டும்!

7. குழந்தைகளின் பாதுகாப்பு: பெற்றோரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது, ஆபத்து உண்டா, நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலியவை.

எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க?

இவற்றோடு, படிப்பில்லாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு எளிய சுருக்கமும் எழுத வேண்டியிருந்தது. அதை என்னிடம் கொடுத்து, "அக்கா, நீங்க அந்தக் குழந்தையோட அம்மான்னு நினைச்சுக்கிட்டுப் படிங்க. எங்கே இடிக்குதோ அங்கே பென்சில்ல கோடு போடுங்க" என்றாள்.

நான் படித்தேன். நாலு இடத்தில் கோடு போட்டேன். முதல் கோடு "மாதிரி சேகரிப்பு" என்று எழுதியிருந்த இடத்தில். "மாதிரின்னா என்னம்மா? ரத்தம்தானே? ரத்தம்னே எழுது. எவ்வளவு எடுப்பே? அதையும் சொல்லு. ஒண்ணரைக் கிலோ குழந்தைகிட்டே ரத்தம் எடுக்கறேன்னா எந்தத் தாயும் முதல்ல அதைத்தான் கேட்பா" என்றேன்.

அவள் கணக்குச் சொன்னாள். பிறந்த குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கும். ஒண்ணரைக் கிலோ குழந்தை என்றால் மொத்தமே 120 மில்லிதான். நாம் காபி குடிக்கிற ஒரு சின்ன டம்ளர்! கல்ச்சர் சோதனைக்கே 1 மில்லி தேவை. அதற்கு மேல் எடுப்பதை ஒவ்வொரு சொட்டாக யோசிக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. யோசித்து, திட்டத்தையே கொஞ்சம் மாற்றினாள். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஊசி போடாமல், வைத்தியத்துக்காக எடுக்கும் ரத்தத்தில் சோதனை போக மீதமிருப்பதை வைத்தே செய்வது என்று ஏற்பாடு. சுருக்கத்தில் அதைத் தெளிவாக எழுதினாள். இரண்டாவது கோடு, "கண்காணிப்பு" என்ற வார்த்தைக்கு. யார், எத்தனை நாள், வீட்டுக்கு வருவார்களா, போனிலா என்று கேட்டேன். மூன்றாவது, சம்மதம் கேட்கும் நேரத்துக்கு. பிரசவித்த தாய் மயக்கத்திலும் வலியிலும் இருக்கும்போது காகிதத்தை நீட்டினால் அவளுக்கு என்ன புரியும்? நாலாவது, கையெழுத்து. பல வீடுகளில் மாமியாரையோ கணவரையோ கேட்காமல் பெண் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். அவர்களையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்றேன். இவையெல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள்தானே!

மனு திரும்பி வந்தது

முதல் வருஷம் மனு தேறவில்லை. எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே போட்டாலும், போடுகிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும். அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "இதுக்கு ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்று என் கொழுந்தனாருக்கும் அவளுக்கும் சின்ன மனஸ்தாபம் கூட. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் இதைப்போல் இரண்டு பங்கு சம்பளத்துக்கு ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கடன் தவணை வேறு.

மூன்று நாள் கழித்து நிபுணர்களின் குறிப்புகளை மறுபடியும் எடுத்துப் படித்தாள். என்னிடமும் சொன்னாள். கேள்வி நல்ல கேள்வி என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முன்னோட்டம் போதாது, புள்ளியியல் பலவீனம், வழிகாட்டி தூரத்து ஊரில் இருக்கிறார் என்பவை குறைகள். "திட்டியிருக்காங்கன்னு நினைச்சேன் அக்கா. மூணு வேலை சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த மூன்று வேலைகளையும் ஒரு வருஷத்தில் செய்தாள். தன் கல்லூரியிலேயே ஒரு சின்னத் தொகை கேட்டு வாங்கி, அனுமதி பெற்று, 40 குழந்தைகளிடம் முன்னோட்ட ஆய்வு செய்தாள். புள்ளியியல் நிபுணர் ஒருவரைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். உள்ளூரிலேயே இரண்டாவது வழிகாட்டி ஒருவரைக் கேட்டுப் பெற்றாள். இரண்டாவது மனுவில், "முன்பு சொன்ன குறைகளுக்கு என்ன செய்தேன்" என்று ஒவ்வொன்றாகப் பதில் எழுதினாள். இந்தத் தடவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். சென்ற மாதம் கடிதம் வந்தது, கிடைத்துவிட்டது என்று!

வீட்டில் செய்த ஏற்பாடு

அவளுடைய பையனுக்கு அப்போது இரண்டு வயது. பெண் டாக்டர்களில் பலர் மனுப் போட வேண்டிய வயதும், பிள்ளை பெற்று வளர்க்கிற வயதும் ஒன்றாகவே வருகின்றன. எழுதுகிற வேலையை ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் உடம்பு என்ன ஆகும்? நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான்:

* வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஆறு முதல் எட்டரை வரை அவள் மாடி அறையில். கதவு சாத்தியிருக்கும். பையன் என்னிடமோ மாமியாரிடமோ. அழுதால் கூட நாங்களே சமாளிப்போம். காய்ச்சல் என்றால் மட்டும் கூப்பிடுவோம்.

* ஞாயிற்றுக்கிழமை காலை டிபனும் பையனைக் குளிப்பாட்டுவதும் கொழுந்தனார் பொறுப்பு. "ஆம்பிளை தோசை சுடறதா?" என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. இரண்டு வாரத்தில் தோசை வட்டமாகவே வந்தது!

* மனுவின் கடைசித் தேதிக்கு முந்தைய இரண்டு வாரம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளை இழுப்பதில்லை. அவளுக்குப் பதிலாக நான் போய் மொய் எழுதிவிட்டு வருவேன்.

* நேர்முகத் தேர்வுக்கு முன் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, பத்து நிமிஷத்தில் சொல்லிக் காட்டினாள். என் பெண் கடிகாரம் பார்த்தாள். "இது ஏன் இதுவரை யாரும் செய்யலை?" என்று என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அங்கேயும் அதே கேள்வி வந்ததாம்.

மனுப் போடப் போகிற பெண்களுக்கு

அவளிடம் கேட்டு, இளம் டாக்டர்களுக்காகச் சில குறிப்புகள் வாங்கி வைத்தேன்.

* ஒவ்வொரு திட்டத்துக்கும் தகுதி விதி வேறு. சிலவற்றில் படிப்பு முடித்து எத்தனை வருஷம் என்று பார்ப்பார்கள். சிலவற்றில் வயது பார்ப்பார்கள். அந்த வருஷத்து அறிவிப்பை முழுவதும் படித்த பிறகே எழுத ஆரம்பியுங்கள்.

* பிரசவ விடுப்பையோ, குழந்தைக்காக வேலையை நிறுத்திய காலத்தையோ மறைக்க வேண்டாம். பல திட்டங்களில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதினால்தானே தெரியும்?

* கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வழிகாட்டியிடம் பேசுங்கள். ஆஸ்பத்திரித் தலைவரின் கடிதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நாம் நினைத்த வேகத்தில் வராது.

* உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் மனுவைப் படிக்கக் கொடுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த அக்காவோ அம்மாவோ இருந்தால் அவர்களிடமும் கொடுங்கள்.

* திரும்பி வந்தால் குறிப்புகளை மூன்று நாள் கழித்துப் படியுங்கள்.

உங்கள் குழந்தையைச் சேர்க்கலாமா என்று கேட்டால்?

இனி நம் பக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வந்து, "ஒரு ஆராய்ச்சி பண்றோம், உங்க குழந்தையைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

* என்ன கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள்? என் குழந்தைக்கு இதனால் நன்மை உண்டா, இல்லை பிற்பாடு வரும் குழந்தைகளுக்கா?

* கூடுதலாக ஊசியோ ரத்தமோ உண்டா? எவ்வளவு?

* முடியாது என்று சொன்னால் வைத்தியத்தில் குறை வருமா? வரக்கூடாது. நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

* செலவு யாருடையது? ஆராய்ச்சிக்காகச் செய்யும் சோதனைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. அதனால் உடம்புக்கு ஏதாவது வந்தால் அவர்களே இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும்.

* நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா? புது மருந்துச் சோதனை என்றால், 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் அதன் எண் என்ன?

படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க அவகாசம் கேட்கலாம். குழந்தைக்கு ஏழு வயது ஆகிவிட்டால் அதனிடமும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று 2017-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்திலேயே வாங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சங்கதி. இது நம் சகோதரிகள் பலருக்குப் புதிதாக இருக்கும். மருந்துச் சோதனைகளைப் பார்வையிடும் நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் செல்லாது. 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் சட்டம் தெரிந்தவராகவும், ஒருவர் சாதாரணப் பொதுஜனமாகவும் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராத வெளியாட்கள். அந்தப் பொதுஜன இடத்தில் ஒரு இல்லத்தரசி உட்காரலாம். "எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க? தாய்க்கு மயக்கம் தெளிஞ்சுதா?" என்று கேட்க அங்கே ஆள் வேண்டும். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் இப்படி ஒரு இடம் காலியாக இருந்து, யாராவது உங்களைக் கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். போய் உட்காருங்கள்.